சிறைக்குள் இருப்பவருக்குக் கடிதம் எழுத ஆசைப்படுகிறீர்களா? தொடங்குமுன் இதைப் படியுங்கள்

யோசேப்பின் கதை என்றால் எல்லோரும் கனவுகளைப் பற்றித்தான் பேசுவோம். என்னைக் குத்துகிற இடம் வேறு. தன்னோடு சிறையில் இருந்து விடுதலையாகிப் போகிற, பார்வோனின் பானபாத்திரக்காரனிடம் யோசேப்பு கேட்டது ஒன்றே ஒன்று, நீ நன்றாக இருக்கும்போது என்னை நினைத்துக்கொள் என்பது. அவன் போனான், மறந்துவிட்டான், அதற்கப்புறம் இரண்டு வருஷம் யோசேப்பு அங்கேயே கிடந்தான் (ஆதியாகமம் 40, 41). அந்த மனிதன் கெட்டவன் இல்லை. யோசேப்பின்மேல் அவனுக்குப் பகையும் இல்லை. வெளியே வந்ததும் வேலை இருந்தது, வாழ்க்கை இருந்தது, அவ்வளவுதான்.

சிறைவாசிகளுக்குக் கடிதம் எழுத ஆர்வமாக வந்து மூன்றாவது கடிதத்தோடு நின்றுபோகிற விசுவாசிகளைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு இவன் ஞாபகம்தான் வரும். அதனால் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்த ஊழியத்துக்கு அழகான நடையோ ஆழ்ந்த வேத அறிவோ முதல் தேவை இல்லை. சொன்ன தேதியில் கடிதம் போக வேண்டும், அதுதான் தேவை. கீழே வருகிற எல்லாமே அதற்காகத்தான்.

எவ்வளவு முடியும் என்று முதலில் கணக்குப் போடுங்கள்

ஒரு கடிதம் எழுத எவ்வளவு நேரம் ஆகும்? வந்த கடிதத்தை இரண்டு தடவை படித்து, யோசித்து, எழுதி, உறையில் போட்டு அனுப்ப எனக்கு ஏறக்குறைய இரண்டு மணி நேரம் ஆகிறது. மாதத்துக்கு ஒன்று என்று வைத்துக்கொண்டால் அது பெரிய பாரம் இல்லை. வாரத்துக்கு ஒன்று என்று ஆர்வத்தில் ஒத்துக்கொண்டால், தேர்வு, கல்யாணம், உடம்பு சரியில்லை என்று ஏதாவது வரும்போது முதலில் விடுபடுவது இதுவாகத்தான் இருக்கும்.

ஆகவே மாதம் ஒரு கடிதம், குறைந்தது ஒரு வருஷம், ஒரே ஒருவருக்கு. தொடங்குகிறவர்களுக்கு நான் சொல்கிற அளவு இதுதான். நான்கு பேருக்கு எழுதுகிறேன் என்று தயவுசெய்து கிளம்பாதீர்கள்.

என் அனுபவம் ஒன்றைச் சொல்கிறேன். நான் எழுத ஆரம்பித்த முதல் வருஷத்தில், வேலை மும்முரத்தில் ஏழு வாரம் பதில் போடாமல் விட்டுவிட்டேன். எனக்கு அது ஏழு வாரம் மாதிரியே தெரியவில்லை. நான் எழுதிவந்த சிறைவாசியிடமிருந்து ஒரு கடிதம் வந்தது. 'போன கடிதத்தில் நான் ஏதாவது தப்பாக எழுதிவிட்டேனா? என்னிடம் நகல் இல்லை, அதனால் என்ன எழுதினேன் என்று ஒவ்வொரு வரியாக ஞாபகப்படுத்திப் பார்த்துக்கொண்டே இருக்கிறேன்' என்று எழுதியிருந்தார். உள்ளே இருக்கிறவருக்கு நம் மௌனத்துக்குக் காரணம் தெரிய வழியே இல்லை. போன் போட்டுக் கேட்க முடியாது, யாரிடமும் விசாரிக்க முடியாது, தன்மேல்தான் தவறு என்று எடுத்துக்கொள்வார். அன்றிலிருந்து நாட்காட்டியில் தேதி குறித்துவைத்து எழுதுகிறேன். நேரமில்லாத மாதத்தில் ஐந்து வரி மட்டும் எழுதுவேன், 'இந்த மாதம் வேலை அதிகம், நீங்கள் கேட்டதற்கு அடுத்த கடிதத்தில் பதில் சொல்கிறேன், உங்களுக்காக ஜெபிக்கிறேன்' என்று. அது போதும்.

தனியாகப் போகாதீர்கள், ஒரு அமைப்பின் வழியாகப் போங்கள்

இணையத்தில் கைதிகளின் படமும் விவரமும் போட்டு, யார் வேண்டுமானாலும் நேரடியாக எழுதலாம் என்கிற தளங்கள் இருக்கின்றன. புதியவர்கள் அந்தப் பக்கம் போக வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து. கைதிகள்மேல் சந்தேகப்பட்டு இதைச் சொல்லவில்லை. ஒரு சிக்கல் வந்தால் நீங்கள் யாரைக் கேட்பீர்கள் என்பதுதான் கேள்வி.

சிறை ஊழியம் செய்கிற கிறிஸ்தவ அமைப்புகள் பல நாடுகளில் இருக்கின்றன. அமெரிக்க அதிபர் நிக்சன் பதவி விலகக் காரணமான வாட்டர்கேட் விவகாரத்தில் சிறைக்குப் போய் வந்த சார்லஸ் கோல்சன் 1976-இல் அமெரிக்காவில் தொடங்கிய பிரிசன் ஃபெலோஷிப் அதில் பலருக்கும் தெரிந்த பெயர். அதன் இங்கிலாந்து, வேல்ஸ் கிளை 'லெட்டர் லிங்க்' என்ற பெயரில் கடித நட்புக்கென்றே ஒரு திட்டம் நடத்துகிறது. கிராஸ்ரோட்ஸ் பிரிசன் மினிஸ்ட்ரீஸ் என்ற அமைப்பில் முறை கொஞ்சம் வேறு. சிறைவாசி ஒரு வேதபாடத்தை எழுதி முடித்து அனுப்புவார், தன்னார்வலர் அதைத் திருத்தி, கூடவே ஒரு கடிதமும் எழுதி அனுப்ப வேண்டும். பேசுவதற்கு ஒரு பொருள் கையில் இருப்பதால், 'என்ன எழுதுவதென்றே தெரியவில்லையே' என்று தயங்குகிறவர்களுக்கு இந்த முறை நன்றாகப் பொருந்தும். உங்கள் இடத்தில் என்ன இருக்கிறது என்று தெரியாவிட்டால் உங்கள் போதகரைக் கேளுங்கள், அல்லது அருகிலுள்ள சிறைக்குப் போய்வரும் ஆயரைக் கேளுங்கள். சிறைக்குள் யார் யார் வந்துபோகிறார்கள் என்பது அவருக்குத் தெரிந்திருக்கும்.

அமைப்பில் சேரும்போது விண்ணப்பம், சபையிலிருந்து ஒரு பரிந்துரைக் கடிதம், பின்னணிச் சோதனை, ஒரு சின்னப் பயிற்சி என்று சில விஷயங்கள் இருக்கலாம். ஆண்களை ஆண்களோடும் பெண்களைப் பெண்களோடும் மட்டுமே இணைக்கிற அமைப்புகளும் உண்டு. எரிச்சல்படாதீர்கள். எதுவுமே கேட்காமல் ஒரு பெயரைக் கையில் கொடுக்கிற இடத்தைக் கண்டுதான் நீங்கள் யோசிக்க வேண்டும். நீங்களும் அவர்களிடம் சிலவற்றைக் கேட்டுக்கொள்ளுங்கள்: பதில் கடிதம் எந்த முகவரிக்கு வரும்? என் முழுப் பெயர் அவருக்குத் தெரியவருமா? கடிதங்களை நீங்களும் படிப்பீர்களா? கவலைப்படும்படி ஏதாவது வந்தால் நான் யாரைக் கூப்பிட வேண்டும்? கடைசிக் கேள்விக்கு ஒரு பெயரும் ஒரு போன் நம்பரும் பதிலாக வர வேண்டும்.

பதில் கடிதங்கள் அமைப்பின் முகவரிக்கோ தபால்பெட்டி எண்ணுக்கோ வந்து, அங்கிருந்து உங்களுக்கு வருவதுதான் நல்ல ஏற்பாடு. வீட்டு முகவரி, குடும்பப் பெயர், வேலை செய்யும் இடம், பிள்ளைகள் படிக்கும் பள்ளி இவை எதுவும் கடிதத்தில் வேண்டாம். உங்கள் பெயர் மட்டும் போதும்.

சிறையின் விதிகள்

ஐக்கிய நாடுகள் சபை 2015-இல் ஏற்றுக்கொண்ட மண்டேலா விதிகளில் 58-ஆவது விதி, கைதிகள் தேவையான கண்காணிப்புக்கு உட்பட்டு குடும்பத்தோடும் நண்பர்களோடும் கடிதத் தொடர்பு வைத்துக்கொள்ள அனுமதிக்க வேண்டும் என்கிறது. அந்த விதிகளுக்குப் பெயர் தந்த நெல்சன் மண்டேலா 1964-இல் தென்னாப்பிரிக்காவின் ராபன் தீவுச் சிறைக்குப் போனபோது ஆறு மாதத்துக்கு ஒரே ஒரு கடிதம்தான் அனுமதி. இன்று அந்த நிலை பெரும்பாலும் இல்லை, ஆனால் 'கண்காணிப்புக்கு உட்பட்டு' என்ற சொல் எல்லா இடத்திலும் இருக்கிறது. வழக்கறிஞரோடு நடக்கும் கடிதத் தொடர்புக்குத் தனிப் பாதுகாப்பு உண்டு, உங்கள் கடிதத்துக்கு அது கிடையாது. உங்கள் கடிதத்தைச் சிறை ஊழியர் பிரிப்பார், பார்ப்பார், படிக்கவும் செய்யலாம். ஆகவே கைதியைத் தவிர இன்னொருவரும் படிக்கப்போகிறார் என்று நினைத்துக்கொண்டே எழுதுங்கள்.

சிறைக்குச் சிறை விதிகள் மாறும். அமைப்பிடமோ சிறையின் இணையதளத்திலோ பார்த்துக்கொள்ளுங்கள். பொதுவாகச் சொன்னால், உறையின்மேல் அவருடைய முழுப் பெயரும் கைதி எண்ணும் தெளிவாக இருக்க வேண்டும், எண் இல்லாவிட்டால் கடிதம் அவர் கைக்குப் போகாமலே போகலாம். வெள்ளைத் தாள், நீலம் அல்லது கறுப்பு மை. ஸ்டிக்கர், ஜிகினா, வாசனைத் திரவியம், பின், கிளிப், உலர்ந்த பூ எதுவும் வேண்டாம். போதைப்பொருளைத் தாளில் ஊறவைத்து அனுப்பியவர்கள் இருப்பதால்தான் இத்தனை கெடுபிடி. நான் ஒரு கிறிஸ்துமஸ் வாழ்த்து அட்டையை, மேலே மினுமினுப்பு இருந்ததை யோசிக்காமல் அனுப்பிவிட்டேன். அது அவருக்குக் கொடுக்கப்படவே இல்லை, அவர் அந்தப் பண்டிகைக்கு என்னிடமிருந்து ஒன்றும் வரவில்லை என்றே நினைத்துக்கொண்டிருந்தார்.

சில இடங்களில் மூலக் கடிதமே உள்ளே போகாது. அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலச் சிறைகள் 2018-இல் கடிதங்களை ஒரு தனியார் நிறுவனத்துக்கு அனுப்பச் செய்து, ஸ்கேன் எடுத்து, நகலை மட்டும் கைதிக்குக் கொடுக்கும் முறைக்கு மாறின. வேறு பல இடங்களும் அப்படி மாறிவருகின்றன. அப்படிப்பட்ட சிறைக்கு எழுதுகிறீர்கள் என்றால் அழுத்தமான மையில், தாளின் ஓரத்தில் இடம் விட்டு, கொஞ்சம் பெரிய எழுத்தில் எழுதுங்கள். வெளிர் நிறத்தாளில் பென்சிலால் எழுதினால் அவருக்குக் கிடைப்பது வெறும் சாம்பல் நிறத் தாள்தான்.

புத்தகம், வேதாகமம் அனுப்பவும் நினைப்பீர்கள். நீங்களே பார்சல் கட்டி அனுப்புவதைப் பல சிறைகள் ஏற்பதில்லை, பதிப்பகத்திலிருந்தோ கடையிலிருந்தோ நேராகப் போக வேண்டும், அதுவும் கெட்டி அட்டை இல்லாததாக இருக்க வேண்டும். கேட்டுவிட்டு அனுப்புங்கள்.

முதல் கடிதம்

இங்கேதான் பலரும் தடுமாறுகிறார்கள். ஐந்து பக்கம் பிரசங்கம் எழுதிவிடுகிறார்கள், அல்லது பயந்துபோய் மூன்று வரியில் முடித்துவிடுகிறார்கள். ஒன்றிரண்டு பக்கம் போதும். பவுல் பிலேமோனுக்கு எழுதிய நிருபம் மொத்தமே 25 வசனம்தான், அதுவும் காவலில் இருந்துகொண்டு எழுதியது.

நீங்கள் யார், எந்த அமைப்பின் வழியாக எழுதுகிறீர்கள், ஏன் எழுதுகிறீர்கள், எத்தனை நாளைக்கு ஒருமுறை எழுதுவீர்கள் என்பதைச் சொல்லுங்கள். உங்கள் நாளில் நடந்த சின்ன விஷயம் ஒன்றைச் சொல்லுங்கள். அவர் விரும்பினால் பதில் சொல்லக்கூடிய ஒன்றிரண்டு எளிய கேள்விகள் வையுங்கள். ஏறக்குறைய இப்படி:

'வணக்கம். என் பெயர் மேரி. கடித ஊழிய அமைப்பின் வழியாக உங்கள் பெயர் எனக்குக் கிடைத்தது. ஒவ்வொரு மாதமும் முதல் வாரத்தில் உங்களுக்கு எழுத விரும்புகிறேன். நீங்கள் உடனே பதில் எழுத வேண்டும் என்று கட்டாயம் இல்லை, முடிந்தபோது எழுதுங்கள். எங்கள் வீட்டு வாசலில் ஒரு பூனை மூன்று குட்டி போட்டிருக்கிறது. அதில் ஒன்றுக்கு மட்டும் இன்னும் கண் திறக்கவில்லை, தினமும் போய்ப் பார்க்கிறேன். எனக்குத் தையல் தெரியும், பாட்டு வராது, ஆனால் சபையில் சத்தமாகப் பாடுவேன். உங்களுக்குப் படிக்கப் பிடிக்குமா? எதற்காக ஜெபிக்க வேண்டும் என்று விரும்பினால் எழுதுங்கள், எழுதாவிட்டாலும் உங்கள் பெயரைச் சொல்லி ஜெபிப்பேன்.'

பூனைக்குட்டிக் கதை எதற்கு என்று நினைக்க வேண்டாம். ஒரே சுவரை வருஷக்கணக்காகப் பார்க்கிறவருக்கு வெளியே ஒரு குட்டி கண் திறந்ததா இல்லையா என்பது பெரிய செய்தி. அடுத்த கடிதத்தில் முதல் கேள்வியே அதுவாகத்தான் இருக்கும். பவுலும் தீமோத்தேயுவுக்கு எழுதும்போது, இத்தனை பெரிய விசுவாச வார்த்தைகளுக்கு நடுவில், துரோவாவில் கார்ப்புவிடம் விட்டுவந்த மேலங்கியைக் கொண்டுவா, புஸ்தகங்களைக் கொண்டுவா, மாரிகாலத்துக்கு முன்னே வந்துவிடு என்று எழுதுகிறார். குளிர் வரப்போகிறது, போர்த்திக்கொள்ள அங்கி வேண்டும். அந்த வரியைப் படிக்கும்போதுதான் அவர் இருந்த அறை எனக்குக் கண்ணில் தெரிகிறது.

என்ன குற்றம் செய்தீர்கள் என்று கேட்காதீர்கள். இணையத்தில் தேடிப் பார்க்கவும் வேண்டாம் என்பேன். தேடிவிட்டால் அதற்கப்புறம் நீங்கள் எழுதுகிற ஒவ்வொரு வரியிலும் அது உட்கார்ந்துகொள்ளும். அமைப்பு உங்கள் பாதுகாப்புக்காகச் சொல்ல வேண்டியது இருந்தால் சொல்லும். அவராகச் சொன்னால் கேட்டுக்கொள்ளுங்கள், துருவ வேண்டாம், தீர்ப்பும் வேண்டாம். ஆனால் 'அதெல்லாம் ஒன்றுமில்லை, விடுங்கள்' என்றும் எழுதிவிடாதீர்கள். அந்தக் குற்றத்தால் அடிபட்ட ஒருவர் எங்கோ இருக்கிறார், அவர் சார்பில் மன்னிக்கிற உரிமை நமக்கு இல்லை. 'இதை என்னிடம் சொல்ல எவ்வளவு கஷ்டப்பட்டிருப்பீர்கள் என்று தெரிகிறது, நான் தொடர்ந்து எழுதுவேன்' என்று சொன்னால் அது உண்மையாகவும் இருக்கும், போதுமானதாகவும் இருக்கும்.

விசுவாசத்தைப் பற்றி எப்படி எழுதுவது

நீங்கள் கிறிஸ்தவர் என்று தெரிந்துதான் அவர் எழுதச் சம்மதித்திருக்கிறார், அதனால் மறைக்க ஒன்றும் இல்லை. ஆனால் ஒவ்வொரு பத்தியிலும் ஒரு வசனத்தை ஒட்டிவைப்பது கடிதம் ஆகாது. இந்த வாரம் ஒரு வசனம் உங்களை என்ன செய்தது, எது உங்களுக்குப் புரியவில்லை, எந்த ஜெபத்துக்கு இன்னும் பதில் வரவில்லை என்று எழுதுங்கள். உங்களுக்கும் கேள்வி உண்டு என்று தெரிந்தால் அவர் தன் கேள்வியைத் தைரியமாக எழுதுவார். எனக்கு ஒருமுறை வந்த கேள்வி, 'தேவன் என்னை மன்னித்துவிட்டார் என்றால் நான் ஏன் இன்னும் தூங்க முடியாமல் கிடக்கிறேன்?' என்பது. எனக்குப் பதில் தெரியவில்லை. தெரியவில்லை என்றே எழுதினேன், தாவீதின் சங்கீதம் 51-ஐச் சேர்ந்து மெதுவாகப் படிக்கலாமா என்று கேட்டேன். நான்கு மாதம் அந்த ஒரு சங்கீதத்தையே கடிதங்களில் படித்தோம்.

மனந்திரும்பினால் ஜாமீன் கிடைக்கும், ஜெபித்தால் தண்டனை குறையும் என்கிற மாதிரி ஒரு வார்த்தைகூட வேண்டாம். அது நம் கையில் இல்லாத வாக்குறுதி. அவர் வேறு மதத்தைச் சேர்ந்தவராக இருக்கலாம், எந்த நம்பிக்கையும் இல்லாதவராகவும் இருக்கலாம். அவர் விசுவாசத்துக்கு வந்தால் மட்டுமே கடிதம் தொடரும் என்று அவருக்கு ஒருநாளும் தோன்றக் கூடாது. 'காவலிலிருந்தேன், என்னைப் பார்க்கவந்தீர்கள்' என்று மத்தேயு 25-இல் ஆண்டவர் சொல்லும்போது, பார்க்கப்பட்டவர் விசுவாசியா இல்லையா என்று அங்கே கேட்கப்படவில்லை.

எல்லைகள்

பணம் அனுப்பாதீர்கள். அவருடைய கணக்குக்கும் வேண்டாம், வெளியே இருக்கும் அவருடைய 'நண்பர்' ஒருவருக்கும் வேண்டாம். கேட்கிறவர் எல்லோரும் ஏமாற்றுக்காரர் இல்லை, உள்ளே சோப்புக்கும் தபால்தலைக்கும் உண்மையிலேயே கஷ்டப்படுகிறவர்கள் உண்டு. ஆனாலும் அதை அமைப்பிடம் சொல்லுங்கள், அவர்களுக்கு வழி இருக்கலாம். நீங்கள் கொடுக்க ஆரம்பித்தால் ஒவ்வொரு கடிதத்திலும் நட்பு எது, தேவை எது என்று இரண்டு பேருக்குமே தெரியாமல் போய்விடும்.

அவருக்காக வேறு யாருக்கும் செய்தி கொண்டுபோகாதீர்கள். 'என் மனைவிக்கு ஒரு போன் பண்ணி நான் நன்றாக இருக்கிறேன் என்று மட்டும் சொல்லுங்கள்' என்று கேட்பார். மனசு இளகும். ஆனால் அந்தப் பெண்ணைத் தொடர்புகொள்ளக் கூடாது என்று நீதிமன்ற உத்தரவு இருக்கலாம், அவர் பயந்து ஒளிந்து வாழ்கிறவராகவும் இருக்கலாம். உங்களுக்கு அது தெரிய வாய்ப்பே இல்லை. வழக்கு பற்றி ஆலோசனை சொல்வது, அவர் நிரபராதி என்று மனு எழுதிப்போடுவது இவையும் நம் வேலை இல்லை, வழக்கறிஞரின் வேலை.

கடிதம் காதலாகத் திரும்புவது உண்டு. தனிமையில் இருக்கிறவருக்குத் தன் பேச்சைக் கேட்கிற ஒரே ஆள் நீங்கள் என்றால் அது இயல்புதான், இதில் அவமானப்பட எதுவும் இல்லை. முதல் தடவை அப்படி ஒரு வரி வந்ததுமே நேராக, மரியாதையாகச் சொல்லிவிடுங்கள்: 'நான் சகோதரியாகத்தான் எழுதுகிறேன், அப்படியே தொடர விரும்புகிறேன்.' அமைப்பிடமும் சொல்லுங்கள். அடுத்த கடிதத்தில் பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிப்போட்டால் அவர் அதைச் சம்மதமாக எடுத்துக்கொள்வார். உங்கள் மனம் அந்தப் பக்கம் சாய்ந்தாலும் இதே வழிதான், அமைப்பின் ஒருங்கிணைப்பாளரிடம் வெட்கப்படாமல் பேசுங்கள்.

இன்னொன்று, எல்லாவற்றிலும் முக்கியம். வாழப் பிடிக்கவில்லை, இதோடு முடித்துக்கொள்ளப் போகிறேன், யாரோ அடிக்கிறார்கள், யாரையோ பழிவாங்கப் போகிறேன் என்று கடிதத்தில் வந்தால் பதில் எழுத உட்காராதீர்கள். உடனே போன். அமைப்பின் நம்பரைக் கூப்பிடுங்கள், எடுக்காவிட்டால் சிறையைக் கூப்பிட்டுக் கைதியின் பெயரையும் எண்ணையும் சொல்லி விஷயத்தைச் சொல்லுங்கள். கடிதம் உங்கள் கைக்கு வரவே பல நாள் ஆகியிருக்கும், உங்கள் பதில் போக இன்னும் பல நாள் ஆகும். அவர் நம்பிச் சொன்னதை வெளியே சொல்வதா என்று தயங்க வேண்டாம். எல்லாவற்றையும் ரகசியமாக வைத்துக்கொள்கிறேன் என்று முதலிலிருந்தே வாக்குக் கொடுக்காமல் இருப்பது இதற்காகத்தான்.

மாதங்கள் போகப் போக

ஒரு நோட்டு வைத்துக்கொள்ளுங்கள். அவர் மகளின் பெயர், அம்மாவின் உடல்நிலை, விசாரணைத் தேதி, படிக்கிற பாடம், நீங்கள் என்ன சொன்னீர்கள், எந்தத் தேதியில் அனுப்பினீர்கள் என்று குறித்துவையுங்கள். ஆறு மாதம் முன்னால் சொன்ன பல்வலியைப் பற்றி நீங்கள் விசாரிக்கும்போது அவருக்கு எப்படி இருக்கும் என்று நினைத்துப்பாருங்கள்.

பதில் வராமலும் போகும். தபால்தலை வாங்கக் காசு இல்லாமல் இருக்கலாம், தனி அறையில் போட்டிருக்கலாம், வேறு சிறைக்கு மாற்றியிருக்கலாம், எழுதப் படிக்கச் சிரமப்படுகிறவராக இருந்து இன்னொருவர் உதவிக்குக் காத்திருக்கலாம், அல்லது வெறுமனே மனம் சோர்ந்து கிடக்கலாம். கோபப்படாமல் உங்கள் தேதியில் உங்கள் கடிதத்தை அனுப்பிக்கொண்டே இருங்கள். இரண்டு மூன்று மாதம் ஆனால் அமைப்பிடம் விசாரியுங்கள். கடிதம் திரும்பி வந்தால் உறையில் எழுதியிருக்கும் காரணத்தைப் பாருங்கள், இடமாற்றம் என்றால் புதிய முகவரியை அமைப்பு கண்டுபிடித்துத் தரும்.

விடுதலை நெருங்கும்போது தனிக் கவனம் வேண்டும். விடுதலையோடு கடிதத் தொடர்பு முடிகிறது என்பது பல அமைப்புகளின் விதி. அதைக் கடைசி மாதத்தில் திடீரென்று சொல்லாமல் முன்கூட்டியே எழுதி, வெளியே வந்தபின் அவரை ஏற்றுக்கொள்ளும் சபையோ மறுவாழ்வு உதவியோ இருக்கிறதா என்று ஒருங்கிணைப்பாளரோடு சேர்ந்து தேடுங்கள். 'வெளியே வந்ததும் எங்கள் வீட்டுக்கு வாருங்கள்' என்று உணர்ச்சிவசப்பட்டு எழுதிவிடாதீர்கள், அவர் உண்மையிலேயே நம்பி வருவார்.

நீங்களே நிறுத்த வேண்டிய நாளும் வரலாம். உடல்நிலை, குழந்தை, இடமாற்றம், அல்லது இனி முடியவில்லை என்பது. அதில் குற்ற உணர்ச்சி வேண்டாம், ஆனால் சொல்லாமல் நிறுத்தாதீர்கள். அமைப்பிடம் முதலில் சொல்லி அடுத்து எழுதப்போகிறவர் யார் என்று கேட்டுக்கொள்ளுங்கள். அப்புறம் அவருக்கு, இன்னும் இரண்டு கடிதம் எழுதுவேன், இந்த மாதம் ஒன்று, அடுத்த மாதம் ஒன்று என்று தேதியோடு எழுதுங்கள். காரணத்தைச் சொல்லுங்கள், அது அவரால் வந்ததல்ல என்பதைத் தெளிவாகச் சொல்லுங்கள், அவருடைய கடிதங்களிலிருந்து உங்களுக்குக் கிடைத்த ஒன்றைப் பெயர் சொல்லி நன்றி சொல்லுங்கள். அந்தக் கடைசிக் கடிதமும் சொன்ன தேதியில் போய்ச் சேரட்டும்.